யார் வைத்த ஆள்?

(கம்போங் குவாந்தானில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒருவரை ஒரு பொறுப்புக்குக் கொண்டுவருவதைத் தமிழில் எப்படியெல்லாம் சொல்கிறோம்? இதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். தேர்ந்தெடுத்தார்கள், தெரிவு செய்தார்கள், நியமித்தார்கள், அமர்த்தினார்கள், நிறுத்தினார்கள் என்பவை அறிக்கையிலும் அழைப்பிதழிலும் வருபவை. வச்சாங்க, போட்டாங்க, எடுத்தாங்க, ஆக்கிட்டாங்க என்பவை கோயில் வாசலிலும் காப்பிக் கடையிலும் புழங்குபவை. எல்லாம் ஒரே பொருள் தரும் சொற்கள் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு கை இருக்கிறது. அது யாருடைய கை, மேலிருந்து இறங்கியதா, நம்மிடையிலிருந்து உயர்ந்ததா என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடும்.

இந்த வட்டாரத்தில் யாரையாவது காட்டி, "இவரு எப்படிக் கோயில் தலைவரானாரு?" என்று கேளுங்கள். "போட்டாங்க" என்பார்கள். யார் போட்டார்கள் என்பதற்கு அந்தப் பதிலில் இடமே இல்லை. பல நேரங்களில், அந்தப் பதிலைச் சொல்பவரே ஆண்டுக் கூட்டத்தில் கைதூக்கி அவருக்கு ஆதரவு கொடுத்தவராக இருப்பார். தான் தூக்கிய கையை ஒரு மனிதர் தன் பேச்சில் கணக்கில் சேர்க்காமல் விடுவது சின்ன செய்தியல்ல. அதற்குப் பின்னால் நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட தோட்டத்து வாழ்க்கை இருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்குக் கம்போங் குவாந்தான் என்றால் சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிப் பூச்சிகள். நமக்கு இது பால்மரக் காடும் செம்பனைக் காடும். பெஸ்தாரி ஜெயா பக்கம் போனால் தென்னமரம் தோட்டம். இந்த நாட்டில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிட்ட இடம் அது, ஆண்டு 1917. அதைத் தொடங்கியவர் ஹென்றி ஃபோகோன்யே என்ற பிரெஞ்சுக்காரர். மலாயா வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. தோட்டத்துக்குப் பெயர் தமிழ்ப் பெயர். வெட்டியவர்களும் நட்டவர்களும் தமிழர்கள். ஆனால் யாரை எந்த இடத்தில் வைப்பது என்ற முடிவு மட்டும் அந்தத் தமிழ்ப் பேச்சுக்குள் எடுக்கப்படவில்லை.

அந்தக் காலத்துத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். பெரிய துரையை வைப்பது லண்டனிலோ பாரிசிலோ பிரஸ்ஸல்ஸிலோ இருக்கும் கம்பெனி. பெரிய துரை சின்னத் துரைக்கு வேலை சொல்வார், கிராணி என்ற கணக்கரை வைப்பார். கிராணி சொல்லும் ஆள் மண்டோர் ஆவார். மண்டோர் என்ற சொல் போர்த்துக்கீசிய மொழியில் பிறந்து மலாய் வழியாக நம்மிடம் வந்தது. ஏவுபவர் என்று பொருள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வந்து நிற்கும் ஆணும் பெண்ணும் அந்த வரிசையின் கடைசி. அவர்களை யாரும் எதற்கும் கேட்டதில்லை. "புது மண்டோரு வச்சிருக்காங்க" என்ற செய்தி மட்டும் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வந்து சேரும்.

"வை" என்ற சொல்லைக் கவனியுங்கள். குடத்தை வைக்கிறோம், விளக்கை வைக்கிறோம், ஆளையும் வைக்கிறோம். வைக்கப்பட்டவர் தானாக வந்தவரில்லை. வைத்தவர் நினைத்தால் எடுத்துவிடலாம். ஆகவே வைக்கப்பட்டவரின் கண் எப்போதும் வைத்தவர் பக்கமே இருக்கும். தோட்டத்து மக்கள் இதை இலக்கணம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு மண்டோர் தங்களிடம் கடுமையாக நடந்தால், "அவரு என்ன செய்வாரு, வச்சவங்களுக்குப் பதில் சொல்லணும்ல" என்று பேசிக்கொண்டார்கள். பதவி எங்கிருந்து வருகிறதோ பதிலும் அங்கேதான் போகும் என்ற அரசியல் பாடம் முழுவதும் அந்த ஒரு பேச்சில் அடங்கியிருக்கிறது.

கங்காணியின் கதை இதைவிடச் சிக்கலானது. கங்காணி என்றால் கண்காணிப்பவர். தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவரையே துரை பிடித்து, உரிமம் வாங்கிக் கொடுத்து, "உன் ஊருக்குப் போய் ஆள் கொண்டு வா" என்று அனுப்புவார். 1907-இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்கு முதலாளிகள் கட்டிய பணத்திலிருந்து கப்பல் செலவு போனது. ஊரில் கிராம முன்சீப்பின் கையெழுத்து வாங்க வேண்டும். ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ முகாமில் காத்திருந்து கப்பலேற வேண்டும். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிக்கப்பட்ட பிறகு இதுதான் முக்கிய வழியாக நின்றது. 1938 ஜூனில் இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை நீடித்தது.

கங்காணி யாரைக் கொண்டு வந்தார்? தன் ஊரை, தன் சாதியை, தன் உறவை. அதற்கு நம் மக்கள் சொன்ன சொல் "ஆள் பிடித்தல்". பிடித்து வந்தவர்களைத் தினம் பெரட்டில் நிற்கவைத்தால் தலைக்கு இவ்வளவு காசு என்று கங்காணிக்கு வரும். ஒருவன் வேலைக்கு வராவிட்டால் அந்தத் தலைக்குரிய காசு கங்காணிக்குக் குறையும். மாமனும் மச்சானும் கண்காணிப்பாளனும் கடன் கொடுத்தவனும் ஒரே ஆள். இந்த முறையைப் பற்றிப் பேசும்போது சிலர் கங்காணியைக் கொடியவன் என்று ஒரே அடியாக ஒதுக்குகிறார்கள். சிலர் உறவைக் கரைசேர்த்தவன் என்று போற்றுகிறார்கள். இரண்டும் நடந்தவைதான். ஆனால் நம் பொருளுக்கு முக்கியமானது வேறு. துரை தேர்ந்தது ஒரே ஒரு கங்காணியை. அந்தத் தேர்வுக்குள் ஒரு கிராமத்தின் பாதி அடங்கிவிட்டது. வந்த ஆட்கள் "நான் தேர்ந்தேன்" என்றோ "என்னைத் தேர்ந்தார்கள்" என்றோ சொல்லவில்லை. "கங்காணியோட வந்தேன்" என்றார்கள்.

திருக்குறளின் பொருட்பாலில் அதிகார வரிசையைப் பார்த்தால் வள்ளுவர் இதை எவ்வளவு நுணுக்கமாக எண்ணியிருக்கிறார் என்பது தெரியும். 51-ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். 52 தெரிந்து வினையாடல். அதற்கு அடுத்தபடியாக 53 சுற்றந்தழால். முதலில் ஆளை ஆராய்ந்து தெளிய வேண்டும். பிறகு எந்த வேலையை எந்த வழியில் யார் முடிப்பார் என்று பார்த்து அந்த வேலையை அவரிடமே விட்டுவிட வேண்டும். உறவைத் தழுவுவது இவற்றுக்குப் பின்னால் வருகிறது. உறவு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதற்கென்று தனி அதிகாரமே வைத்தார். வேலைக்கு ஆள் எடுக்கும் கணக்கில் அதைக் கலக்கவில்லை, அவ்வளவுதான். கங்காணி முறை 53-ஐ 51-க்கு முன்னால் கொண்டுவந்து வைத்தது. நம் சங்கங்களில் இன்றும் அந்த வரிசை பல இடங்களில் சரியாகவில்லை என்று வருத்தத்தோடு சொல்கிறேன்.

"தெரி", "தேர்" என்ற வேர்கள் பழமையானவை. தேர்தல் என்றால் வாக்குப்பெட்டி என்று நினைக்கிறோம். முன்பு அதற்கு ஆராய்தல், தேடுதல் என்று பொருள். கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் சேற்று நீரில் அசையாமல் நிற்கும் நாரை செய்வதைப் பழந்தமிழ் இரைதேர்தல் என்று சொல்லும். தேடியும் ஆராய்ந்தும் எடுப்பதே தேர்ந்தெடுப்பது. முதல் பாதி தேர்தல், இரண்டாம் பாதி எடுத்தல். நம் கூட்டங்களில் இரண்டாம் பாதி மட்டும் நடக்கிறது. முன்மொழிந்தாயிற்று, வழிமொழிந்தாயிற்று, கைதட்டியாயிற்று. யாரையும் யாரும் தேரவில்லை. பல இடங்களில் கூட்டத்துக்கு முன்பே "பேசி முடிச்சிட்டாங்க". கலியாணத்துக்குச் சொல்லும் சொல் இது. சம்பந்தம் பேசி முடிப்பதைப் போலப் பதவியையும் பேசி முடித்துவிட்டு, மறுநாள் "போட்டியின்றித் தேர்வு" என்று செய்தி அனுப்புகிறோம்.

இலங்கைத் தமிழர் தெரிவு என்ற சொல்லை விடாமல் காப்பாற்றி வருகிறார்கள். அங்கே ஒருவர் தெரிவு செய்யப்படுகிறார். தேர்தலை நடத்தும் அதிகாரிக்குத் தெரிவத்தாட்சி அலுவலர் என்று பெயர். தெரிவுக்கு அத்தாட்சி தருபவர். அந்தப் பதவிக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைத் தமிழில் நான் கண்டதில்லை. தமிழ்நாட்டில் அவரைத் தேர்தல் நடத்தும் அலுவலர் என்கிறார்கள். நடத்துவதும் அத்தாட்சி தருவதும் ஒன்றா? தேர்தலின் கடைசி நொடியில், எண்ணி முடித்தபின், ஊர் காத்திருப்பது அந்த அத்தாட்சிக்குத்தான்.

தமிழ் வினைகள் இணை இணையாக வரும். நில் என்றால் தானே செய்வது. நிறுத்து என்றால் பிறரைச் செய்யவைப்பது. அமர், அமர்த்து. ஆகு, ஆக்கு. "தேர்தல்ல நிக்கிறாரு" என்றால் அந்த மனிதரின் விருப்பம் முன்னால் தெரிகிறது. "தேர்தல்ல நிறுத்தியிருக்காங்க" என்றால் கட்சி முன்னால் வருகிறது. "தலைவரானாரு" என்று சொல்லும்போது கை மறைந்துவிடுகிறது. மரம் பூத்தது, மழை பெய்தது என்பதைப் போல ஒருவர் தலைவராகிவிட்டார். "ஆக்கினோம்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே பொறுப்பு நம் தோளில் வந்து உட்காரும். அதனால்தான் அப்படிச் சொல்லத் தயங்குகிறோம்.

போடு என்பது இன்னும் விசித்திரம். "தலைவரா போட்டாங்க" என்பதிலும் போடு. "ஓட்டு போட்டேன்" என்பதிலும் போடு. முதல் வாக்கியத்தில் போடப்படுவது ஆள். இரண்டாவதில் போடப்படுவது சீட்டு; போடுபவர் நான். ஒரே வினை ஓரிடத்தில் நம்மைப் பார்வையாளர்களாகவும் இன்னோரிடத்தில் செய்பவர்களாகவும் ஆக்குகிறது. தோட்டத்து மக்கள் முதல் போடுவிலிருந்து இரண்டாவதற்கு வந்து சேர எத்தனை காலம் ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் இனி வரும் பகுதி.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டு சிலாங்கூரின் மற்ற பகுதிகளுக்கும் பரவியது. கூலி உயர்வு மட்டும் கேட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். கோரிக்கைப் பட்டியலைப் படித்தால் கண் கலங்கும். துரைக்கு எதிரே சைக்கிளிலிருந்து இறங்காமல் போக அனுமதி வேண்டும். பெண்களிடம் அத்துமீறக் கூடாது. பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். சங்கம் வைக்க உரிமை வேண்டும். இவற்றோடு, கொடுமை செய்யும் ஊழியர்களை நீக்கித் தமிழ் தெரிந்தவர்களை வைக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். யாரை வைக்கலாம், யாரை வைக்கக் கூடாது என்று தோட்டத் தொழிலாளர்கள் இவ்வளவு உரக்கச் சொன்னது இந்த மாநில வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி. அவர்களின் தலைவர் ஆர். எச். நாதன் மே மாதம் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கி சுட்டது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். தாங்களே தேர்ந்த தலைவர் ஒருவரை வைத்துக்கொண்டதற்குத் தோட்ட மக்கள் கொடுத்த விலை அது.

போருக்குப் பின் 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராக நெடுங்காலம் இருந்தார். தோட்டத்துக் கிளைகளில்தான் நம் பாட்டன் பாட்டிகள் பலரும் முதன்முதலாக ஒருவருக்குக் கைதூக்கினார்கள். நாட்டுத் தேர்தல் அவர்களுக்கு உடனே கிட்டவில்லை. 1955 ஜூலையில் நடந்த முதல் பொதுத்தேர்தலில் 52 இடங்களுக்கு வாக்களிப்பு நடந்தது. கூட்டணி 51-ஐ வென்றது. வாக்காளர்களில் இந்தியர் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கு ஏது? அதற்கு முன்பிருந்த கூட்டரசு சட்டமன்றம் முழுக்க நியமன மன்றமாகவே இருந்தது.

நியமனம் என்ற சொல்லுக்கு இப்போது வருகிறேன். நியமம் என்றால் ஒழுங்கு, கட்டுப்பாடு. நியமிப்பது என்றால் ஒழுங்கின்படி ஓரிடத்தில் நிலைப்படுத்துவது. தவறான சொல் அல்ல. நீதிபதியை, ஆசிரியரை, மருத்துவரை நியமிக்கத்தான் வேண்டும். வாக்கெடுத்து மருத்துவரைத் தேர்வது நோயாளிக்கு நல்லதல்ல. நம் நாடாளுமன்ற மேலவையின் 70 உறுப்பினர்களில் 44 பேர் மாமன்னரால் நியமிக்கப்படுகிறார்கள். 26 பேரை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்து அனுப்புகின்றன. மாமன்னரோ ஒன்பது ஆட்சியாளர்களிடையே இரகசிய வாக்கெடுப்பால் ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அரியணைக்குத் தேர்தலும் மேலவைக்கு நியமனமும் ஒரே நாட்டில் நடப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சிங்கப்பூரில் 1990 முதல் நியமன நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரோடு மூன்று நியமன எம்.எல்.ஏ.க்கள். 2017-இல் மத்திய அரசு மூவரை நியமித்தபோது எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2018-இல் அந்த நியமனம் செல்லும் என்று முடிந்தது. அங்கே ஒரு நன்மை உண்டு: நியமன எம்.எல்.ஏ. என்றே எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லில் மறைப்பு இல்லை. ஆகவே அவர்களைப் பற்றிய வாதமும் வெளிப்படையாக நடந்தது.

நம் ஊராட்சியின் கதை அப்படியில்லை. கோலாலம்பூர் நகராட்சிக்கு 1952-இலேயே தேர்தல் நடந்தது. பிறகு சிறுபட்டணங்கள், புதுக்கிராமங்கள்வரை ஊராட்சித் தேர்தல் வந்தது. 1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி அந்தத் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டு மேற்கு மலேசியாவின் ஊராட்சிகளை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் யார்? செனட்டர் ஆதி நாகப்பன். வழக்கறிஞர், நம் தமிழர். மக்கள் வாக்கால் வராத ஓர் அவையில் உறுப்பினராக இருந்த அவர், 1968-இல் முடித்த அறிக்கையில், எல்லா ஊராட்சிகளும் மக்கள் தேர்ந்த உறுப்பினர்களைக் கொண்டவையாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். அரசு அதை ஏற்கவில்லை. 1976-இன் ஊராட்சிச் சட்டம் தேர்தலை முடித்துவைத்தது. அவர் மறைந்ததும் அதே 1976-இல்தான்.

அந்தச் சட்டத்தின்படி ஒரு மன்றத்துக்குத் தலைவரைத் தவிர எட்டுப் பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கும். ஒரு தவணை மூன்றாண்டுக்கு மேற்படாது. நியமிக்கப்படுபவர்கள் அனுபவசாலிகளாகவோ தொழிலில் சிறந்தவர்களாகவோ தங்கள் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கக்கூடியவர்களாகவோ இருக்க வேண்டும். ஒருவர் என்னைப் பிரதிநிதிக்கக்கூடியவரா என்பதை நான் முடிவு செய்வதில்லை. மாநில அரசு முடிவு செய்கிறது. 2021-இல் நம் கோலசிலாங்கூர் மாவட்ட மன்றம் நகராண்மைக் கழகமாக உயர்ந்தது. பெயர் உயர்ந்தாலும் உறுப்பினர் வரும் வழி மாறவில்லை.

தோட்டத்து மக்களுக்கு இது இரட்டை இழப்பு. ஊராட்சித் தேர்தல் நடந்த அந்தச் சில ஆண்டுகளில் தோட்டம் தனியார் நிலம். விளக்கும் தண்ணீரும் சாலையும் கம்பெனி பார்த்துக்கொள்ள வேண்டியவை. தோட்டங்கள் துண்டாகி மக்கள் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் பட்டணங்களுக்கும் குடிவந்து, குப்பைக்கும் கால்வாய்க்கும் ஊராட்சியை நம்பத் தொடங்கியபோது, ஊராட்சித் தேர்தல் இல்லை. ஆகவே, "நம்ம ஆளு ஒருத்தரை மன்றத்துல போட்டிருக்காங்க" என்ற பேச்சு லயத்திலிருந்து தாமானுக்கு அப்படியே வந்து சேர்ந்தது. மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் நடப்பதைத்தான் சொல்கிறார்கள். பொறுப்பேற்றவர்களை நாளிதழ்ச் செய்திகளும் வாழ்த்துப் பதாகைகளும் "நகராண்மைக் கழக உறுப்பினராகத் தேர்வு பெற்றார்" என்று எழுதும்போதுதான் எனக்குக் கவலை வருகிறது. தேர்வு என்ற சொல்லை அங்கே போட்டால் தேர்ந்தவர்கள் யாரோ இருக்கிறார்கள் என்று பொருள். யாருமில்லை. கடிதம் வந்தது, அதை மலாயில் சூராட் லந்திக்கான் என்று அப்பட்டமாகச் சொல்கிறார்கள். லந்திக் (நியமி) வேறு, பிலே (தேர்ந்தெடு) வேறு என்று மலாய்க்காரர் பேச்சு பிரித்து வைத்திருக்கிறது. நாமும் நியமனம் என்றே எழுதலாம். நியமனம் பெற்றவரின் மதிப்பு அதனால் குறையாது. நன்றாக உழைக்கும் நியமன உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இந்த அரங்கிலும் இருக்கக்கூடும்.

இந்தச் சொற்கள் எல்லாமே ஒரே மனிதரின் வாழ்வில் அடுத்தடுத்து வந்ததை நம் வட்டாரமே பார்த்திருக்கிறது. காலிட் இப்ராகிம் ஜெரத்தில் பிறந்தவர். அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மொடாலான் நேஷனலின் தலைமை நிர்வாகியாக அவர் இருந்தபோது, 1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி தோட்டக் கம்பெனியின் பங்குகளை அந்த நிறுவனம் காலையில் வாங்கியது. அந்த ஒரு காலையில் ஆயிரக்கணக்கான ஏக்கர் தோட்டங்களுக்குத் துரையை வைக்கும் இடம் லண்டனிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. பெரட்டில் நின்றவருக்கு மண்டோரை வைக்கும் முறை மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின்னர் அவரே கத்ரியின் தலைமை நிர்வாகியாக நியமிக்கப்பட்டார். 2007-இல் ஈஜோக் சட்டமன்ற உறுப்பினர் கே. சிவலிங்கம் மறைந்ததால் இடைத்தேர்தல் வந்தது. ஒரு பக்கம் ம.இ.கா.வின் கே. பார்த்திபனை நிறுத்தினார்கள், மறு பக்கம் காலிட்டை நிறுத்தினார்கள். ஏப்ரல் 28 அன்று ஈஜோக் மக்கள் பார்த்திபனை 1,850 வாக்கு வேறுபாட்டில் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் அதே ஈஜோக் காலிட்டைத் தேர்ந்தது. அவர் மாநில அரசின் தலைவரான மந்திரி பெசார் ஆனார்.

ஆனாரா, ஆக்கப்பட்டாரா? மந்திரி பெசாரை மக்கள் நேரடியாகத் தேர்வதில்லை. சட்டமன்றப் பெரும்பான்மையின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று தம் கருத்தில் தோன்றுபவரைச் சுல்தான் நியமிக்கிறார். 2014-இல் இந்த வேறுபாடு ஊருக்கே தெரிந்தது. ஆகஸ்டில் காலிட்டை அவர் கட்சியான கெஅடிலானே நீக்கியது. அடுத்தவராகக் கட்சித் தலைவி வான் அசிசாவின் ஒரே பெயரைக் கெஅடிலானும் ஜ.செ.க.வும் அரண்மனைக்கு அனுப்பின. இரண்டுக்கும் மேற்பட்ட பெயர்கள் வேண்டும் என்பது அரண்மனையின் கோரிக்கை. செப்டம்பர் 23 அன்று அஸ்மின் அலி பதவியேற்றார். அந்த வாரங்களில் காப்பிக் கடைகளில் ஓடிய வாக்குவாதம், மக்கள் தேர்ந்தது யாரை, கட்சி பரிந்துரைத்தது யாரை, அரண்மனை நியமித்தது யாரை என்ற மூன்று வினைகளைப் பற்றியதாகவே இருந்தது. நம் மக்கள் மூன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டு பேசினார்கள். அந்தக் கூர்மை நம்மிடம் இல்லாமலில்லை. மாநில அரசியலுக்கு எடுத்த அந்த உரைகல்லை நம் கோயிலுக்கும் பள்ளிக்கும் எடுப்பதில்லை என்பதே என் ஆதங்கம்.

இங்கே தமிழ்நாட்டு உத்திரமேரூரை நினைக்காமல் இருக்க முடியாது. அங்கே இருப்பவை சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆளெடுக்க, குடும்பு எனப்பட்ட முப்பது வட்டங்களிலிருந்தும் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அதை உலகின் முதல் தேர்தல் என்று மேடையில் பெருமை பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது சீட்டெடுப்பு. கால் வேலிக்கு மேல் வரிகட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உள்ள 35 முதல் 70 வயது ஆண்களுக்கு மட்டுமே அது திறந்திருந்தது. உழுதவருக்கு இடமில்லை, பெண்ணுக்கும் இல்லை. ஆனால் அந்தக் கல்லில் நமக்கு வேண்டிய இரண்டு விதிகள் இருக்கின்றன. முந்திய மூன்றாண்டில் பொறுப்பில் இருந்தவர் மறுபடி வரக்கூடாது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது, அவர் உறவினரும் வரக்கூடாது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று அவர்கள் வைத்த பெயரை நாம் இன்றும் பள்ளி வாரியத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பெயர் ஆயிரம் ஆண்டு கடந்து வந்துவிட்டது. கணக்குக் காட்டாதவரின் உறவினரும் நிற்கக்கூடாது என்ற விதி எந்தக் கோயில் சட்டவிதியில் இருக்கிறது என்று உங்களையே கேட்கிறேன்.

பெண்கள் பக்கம் தனியாக ஒரு வார்த்தை. பால் வெட்டியதில் பாதிக்குப் பாதி பெண்கள். மண்டோராக வைக்கப்பட்ட பெண்கள் மிக அரிது. இன்று கோயில்களில் மகளிர் பிரிவுக்கு ஒரு தலைவியை "ஆக்குகிறோம்". செயலவையின் பொருளாளராக ஒரு பெண்ணை முன்மொழிய இன்னும் நாக்கு எழுவதில்லை. வீட்டுக் கணக்கையும் கூட்டுக் கணக்கையும் ஒரு காசு பிசகாமல் நடத்துபவர்கள் அவர்கள். தேர்தல் என்பதற்குத் தேடுதல் என்று பொருள் இருக்கும்போது, தேடும் கண் பாதி அரங்கைத் தாண்டிப் போவது தேர்தலே ஆகாது.

ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் கோயில்களின், பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின், இளைஞர் மன்றங்களின் ஆண்டுக் கூட்டக் குறிப்புகளில் "தலைவராகத் தேர்வு செய்யப்பட்டார்" என்ற வரியோடு நிறுத்திவிடுகிறோம். "செய்யப்பட்டார்" என்பதில் கை யாருடையது என்று தெரியாது. முன்மொழிந்தவர் பெயர், வழிமொழிந்தவர் பெயர், வேறு யார் பெயர் வந்தது, யாருக்கு எத்தனை கை என்று எழுதுங்கள். பேசி முடித்ததானால் பேசி முடித்தோம் என்றே எழுதி, பேசியவர்கள் யார் என்றும் எழுதுங்கள். நியமனமானால் நியமித்தவர் யார், கடிதத்தின் நாள் எது, தவணை முடியும் நாள் எது என்பது வேண்டும். போன தவணையின் கணக்கு என்றைக்கு ஒப்படைக்கப்பட்டது என்பதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். செயலாளருக்கு அரைப் பக்கம் கூடுதல் எழுத்து வேலை. அடுத்த ஆண்டு கூட்டத்தைத் தொடங்கும்போது அந்த அரைப் பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். முன்மொழிந்தவரும் கைதூக்கியவர்களும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள்.